சேலைப் படத்துக்கு எந்த வெளிச்சம்? ஜன்னல், ரிங் லைட், சாஃப்ட்பாக்ஸ், லைட் பாக்ஸ்: ஓர் ஒப்பீடு

வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: படம் நன்றாக வர போனை மாற்ற வேண்டுமா, லைட் வாங்க வேண்டுமா? லைட் என்றால் எது?

போனைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சில ஆண்டுகளுக்குள் வந்த நடுத்தர விலைப் போன் எதுவும் இந்த வேலைக்குப் போதும். போன் கேமராவின் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுதான். வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ. (சென்சார் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) ஏறும், படத்தில் புள்ளி புள்ளியாக வரும். அந்தப் புள்ளிகளைப் போன் தானாக வழித்துத் துடைக்கும்போது ஜரிகையின் இழையும் சேர்ந்து அழிந்துவிடும். புட்டாக்கள் மெழுகில் வரைந்ததுபோல் தெரிவது இதனால்தான். இருட்டு அறையில் விலையுயர்ந்த போனும் இதே தவறைச் செய்யும், கொஞ்சம் குறைவாக. ஆகவே பணம் வெளிச்சத்துக்குப் போகட்டும். எந்த வெளிச்சம் என்பதுதான் இனி.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நிறம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். "போட்டோல ஒரு கலர், நேர்ல ஒரு கலர்" என்று சேலை திரும்பி வந்தால் போக, வர இரண்டு கூரியர் செலவும் விற்பவர் தலையில் விழும். அப்படிச் சில சேலைகள் திரும்பினாலே ஒரு நல்ல விளக்கின் விலை போய்விடும்.

விளக்குகளுக்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு மதிப்பெண் உண்டு. அந்த விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதை அது சொல்லும்; வெயிலுக்கு 100. வீடுகளில் மாட்டும் எல்.இ.டி. பல்புகள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியிருக்கும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண். 80 மதிப்பெண் வாங்கிய பல்பின் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். அப்படிப்பட்ட பல்பின் கீழ் அரக்குப் பட்டு பழுப்பாகும், குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். வெளிச்சத்திலேயே இல்லாத சிவப்பை எந்த எடிட்டிங் ஆப்பும் திரும்பக் கொண்டுவராது. பட்டு விற்பவர் சி.ஆர்.ஐ. 95-க்கு மேல் உள்ள விளக்கைத் தேட வேண்டும். ஆர்9 எண்ணையும் அச்சிட்டிருக்கும் கம்பெனி என்றால் இன்னும் நம்பலாம்.

அடுத்தது பரப்பு. தோடு ஒன்றுக்குப் போதும் விளக்கு, விரித்துப் போட்ட முந்தானைக்குப் போதாது. பிறகு, திங்கள் எடுத்த படமும் வெள்ளி எடுத்த படமும் ஒரே கடைச் சரக்குபோல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நெசவின் இழை தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து சாய்ந்து வர வேண்டும். போன் இருக்கும் திசையிலிருந்தே வந்தால் துணி தட்டையாகிவிடும். கடைசியாக இடமும், வாங்கிய பிறகு தலைகாட்டும் செலவுகளும்.

| | நிறம் | முழுச் சேலை | இரவில் | ஜரிகை இழை | பிறகு தெரியும் செலவு |
|---|---|---|---|---|---|
| ஜன்னல் | மிக நன்று | ஆகும் | ஆகாது | மிக நன்று | நேரம், மழைக்காலம் |
| ரிங் லைட் | விளக்கைப் பொறுத்தது, பெரும்பாலும் சுமார் | ஆகாது | ஆகும் | மோசம் | அடாப்டர், மறுபடி எடுக்கும் வேலை |
| சாஃப்ட்பாக்ஸ் | பல்பைப் பொறுத்தது | இரண்டு இருந்தால் ஆகும் | ஆகும் | நன்று | நல்ல பல்பு, இடம் |
| லைட் பாக்ஸ் | சுமார் | ஆகாது | ஆகும் | சுமார் | பின்னணித் தாள் |

## ஜன்னல்

இலவசம் என்பதாலேயே பலர் இதை மதிப்பதில்லை. நிறத்தில் இதை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியாது.

"வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் விழாது, அதுவே சிறந்தது" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவில் அது ஓரளவு சரி. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் கிழக்கிலிருந்து சற்று வடக்கே விலகி உதித்து, வடக்கே விலகியே மறைகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகலில்கூட அது உச்சிக்கு வடக்கேதான். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் அடிக்கும். நண்பகல் வெயிலை மட்டும் சன்ஷேடு தடுத்துவிடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வடக்கு ஜன்னல் நாள் முழுதும் சுத்தம். அதே மாதங்களில் தெற்கு ஜன்னலில் வெயில் அறைக்குள் நீளமாக விழும்.

நேர்வெயில் விழுந்தால் ஜன்னல் கம்பியின் நிழல் சேலைமேல் வரிவரியாக ஓடும். அதற்கு வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாக விரித்து ஜன்னலில் கட்டுங்கள். கரை ஜன்னலுக்கு வெளியே தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் அதன் நிறம் படத்தில் ஏறும். சொட்டு நீலம் போட்ட வேட்டி வேண்டாம். வெளிச்சம் நீலமாகி உள்ளே வரும்.

எடுக்கும் முறை:

1. அறையின் டியூப் லைட்டை அணையுங்கள். ஜன்னல் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம். இரண்டும் கலந்தால் சேலையின் ஒரு பாதி ஒரு நிறம், மறு பாதி இன்னொரு நிறம். வெள்ளையை வெள்ளையாகக் காட்டப் போன் செய்யும் நிறத் திருத்தத்துக்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர்; அது இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது.
2. சேலையை ஜன்னலிலிருந்து நான்கைந்து அடி தள்ளித் தொங்கவிடுங்கள். ஜன்னல் அதற்குப் பக்கவாட்டில், சற்று முன்னால் இருக்க வேண்டும். மிகவும் ஒட்டி வைத்தால் ஜன்னல் பக்கத்து ஓரம் வெளுத்து, மறு ஓரம் இருண்டுவிடும்.
3. மறு ஓரத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டையை நிமிர்த்தி வையுங்கள். நிழல் பாதியாக மெலியும் வரை கிட்டே நகர்த்துங்கள்.
4. பச்சை, ரோஸ் அடித்த சுவருக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். சுவரின் நிறம் துள்ளி வந்து வெளிர்நிறச் சேலையில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு அல்லது பச்சைக் கண்ணாடி போட்ட ஜன்னல் என்றால் கதவைத் திறந்தே எடுக்க வேண்டும்.

இதன் உண்மையான விலை நேரம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரைதான் நிறம் நிலையாக இருக்கும். வேறு வேலைக்குப் போய்க்கொண்டு பக்கத்தில் விற்பவருக்கு அந்த நேரம் வீட்டில் கிடைக்காது. ஒரு மேகம் கடந்தாலே வெளிச்சம் நீலத்துக்கு நகரும். தீபாவளி விற்பனை சூடுபிடிக்கும் நேரம்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும். ஆண்டிலேயே அதிகம் விற்கும் வாரங்களில் ஜன்னல் கைவிடும்.

பகலில் வீட்டில் இருப்பவர், வாரம் ஒருமுறை மொத்தமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்பவர், பட்டு விற்பவர்: இவர்களுக்கு ஜன்னல்தான். வேறு எதுவும் வாங்காதீர்கள். ஒரு ட்ரைபாட் போதும்.

## ரிங் லைட்

அதிகம் பேர் முதலில் வாங்குவது இதைத்தான். சேலைக்கு இதுதான் கடைசியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு.

வளையத்துக்கு நடுவில் போன் இருப்பதால் வெளிச்சம் போனின் திசையிலிருந்தே போகிறது. நிழலே விழாது. முகத்துக்கு அது அழகு, கண்ணுக்குக் கீழே உள்ள கருமையும் மறையும். துணிக்கு நிழல் இல்லையென்றால் இழையும் இல்லை. உடலோடு கோர்த்து நெய்த கோர்வைக் கரையும் அச்சடித்த கரையும் ஒன்றுபோல் தெரியும். கைத்தறிக்காக விலை கேட்கும்போது அந்தத் தறி வேலை படத்தில் காணாமல் போவது நஷ்டம்.

பரப்பும் போதாது. சேலையின் நடுவுக்கு இரண்டடி தூரத்தில் வளையம் இருக்கிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கும் ஓரத்துக்கு அது ஏறத்தாழ 2.8 அடி. தூரத்தின் வர்க்கத்தில் வெளிச்சம் குறைவதால் ஓரத்துக்குப் பாதிக்கு மேல் கிடைக்காது. வளையத்தைப் பின்னுக்குத் தள்ளினால் பரவும், ஆனால் மங்கும். 10 அங்குல வளையங்கள் யு.எஸ்.பி.யில் ஓடுபவை, 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 10 வாட். பழைய லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் அதுவும் வராது, அங்கே அரை ஆம்பியர்தான். 2 ஆம்பியர் அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

விலை குறைந்த வளையங்களில் வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கு மிக வேகமாக அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, போனில் கிடைமட்டக் கோடுகளாக ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து, வளையத்தைத் தள்ளி வைத்துக் குறைப்பதே வழி. வெள்ளிப் பாத்திரம், குத்துவிளக்கு, கண்ணாடி வளையல் எல்லாவற்றிலும் வளையம் அப்படியே பிரதிபலிக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் வளையத்தைத் தலைக்கு மேலே உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும்.

சேலையைக் கட்டிக்கொண்டு பேசுபவர், ராத்திரி லைவ் விற்பனை நடத்துபவர், ரீல்ஸ் போடுபவர் வாங்கலாம். 18 அங்குலம் வாங்குங்கள். சிறிய வளையங்கள் கரண்ட் போனாலும் பவர் பேங்கில் ஓடும், அது ஒரு வசதி. லைவில் முகம் நன்றாகத் தெரியட்டும். சேலையின் தனிப்படத்தைப் பகலில் ஜன்னலில் எடுத்து அனுப்புங்கள்.

## சாஃப்ட்பாக்ஸ்

முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெட்டி, உள்ளே பல்பு, கீழே ஸ்டாண்ட். செயற்கையாக ஒரு ஜன்னல் என்று சொல்லலாம். பரவலாகக் கிடைப்பது 50-க்கு 70 சென்டிமீட்டர் அளவு.

இதில் ஏமாறும் இடம் பல்பு. செட்டோடு வரும் பல்பின் சி.ஆர்.ஐ. பெட்டியில் எழுதியிருக்காது; எழுதாததை 80 என்று எடுத்துக்கொள்ளுங்கள். "135 வாட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பழைய குண்டு பல்போடு ஒப்பிட்ட கணக்கு, பல்பு தரும் வெளிச்சத்தின் அளவான லூமன் எண்ணைப் பாருங்கள். நல்ல பல்பு தனியாக வாங்கப் போனால் இன்னொரு சிக்கல்: நம் வீட்டு ஹோல்டர் பின் வைத்த பி22, சாஃப்ட்பாக்ஸில் இருப்பது மரை வைத்த இ27. இ27 பல்பாகவே கேட்டு வாங்குங்கள். இணைப்பான் போட்டும் மாட்டலாம், ஆனால் பல்பு ஓரிரண்டு அங்குலம் முன்னால் தள்ளித் துணிக்கு அருகே வந்து, நடுவில் வெளிச்சப் பொட்டு விழும். இரண்டு பெட்டிக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் பல்பு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 5,000 முதல் 5,600 வரை உள்ளது நல்லது. கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்: 30 வாட் பல்புகள் இரண்டும் மூன்று மணி நேரம் எரிந்தாலும் 0.18 யூனிட்தான்.

வைக்கும் விதம்: சேலைக்கு இரு பக்கமும் 45 டிகிரியில், நான்கைந்து அடி தூரத்தில். இரண்டையும் ஒரே அளவு வெளிச்சத்தில் வைத்தால் நிறம் சீராக வரும், இழை கொஞ்சம் அமுங்கும். ஜரிகைக்கு நெருக்கப் படம் எடுக்கும்போது ஒன்றை அணைத்துவிட்டு, மற்றதைத் துணியோடு ஒட்டிச் சாயும் கோணத்துக்குக் கொண்டுபோங்கள். ஜரிகை மினுங்கும்.

பத்துக்குப் பத்து அறையில் இரண்டு ஸ்டாண்டும் விரித்த சேலையும் போனும் வைத்தால் நடக்க வழி இருக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் மூட்டை வைக்காமல் விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிரித்து மாட்டினால் துணி ஓரத்தின் கம்பிகள் வளைந்துபோகும். நிரந்தரமாக ஒரு மூலை ஒதுக்க முடியாதவர் இதை வாங்கினால் அது பரணுக்குப் போகும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு குறுக்கு வழி: சி.ஆர்.ஐ. கூடிய பல்பை மட்டும் வாங்கி, வெள்ளைச் சுவரை அல்லது கூரையை நோக்கித் திருப்புங்கள். சுவரே பெரிய விளக்காகிவிடும். பல்பு வாட் கூடுதலாக வேண்டும், சுவர் சுத்த வெள்ளையாக வேண்டும். சந்தன நிறச் சுவர் மஞ்சளைக் கூட்டும்.

வேலை முடிந்து இரவில் படம் எடுப்பவர், தினமும் புதுச் சரக்கு போடுபவர், எல்லாப் படமும் ஒரே பின்னணியில் வேண்டும் என்பவர்: இவர்களுக்கு இதுதான் சரி.

## லைட் பாக்ஸ்

உள்ளே எல்.இ.டி. பட்டை ஒட்டிய மடக்குப் பெட்டி. 40 சென்டிமீட்டர் பெட்டியில் 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொருளை வைத்தால் ஓரச் சுவர் படத்தில் வரும். ஆக, சேலைக்கு இது கணக்கிலேயே இல்லை.

நகையிலும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மங்கலான மெருகு உள்ள ஆன்டிக் நகை, டெரகோட்டா, பட்டு நூல் வளையல் எல்லாம் அழகாக வரும். கல் நகை செத்துப்போகும். கல் மின்ன ஒரு சிறு புள்ளி வெளிச்சம் வேண்டும், சுற்றிலும் வெள்ளை இருந்தால் கல்லும் வெள்ளைதான். பெட்டி விளக்கைக் குறைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடித்துப் பார்க்கலாம். பளபளப்பான வெள்ளியில் போனின் கறுப்பு உருவம் தெரியும்; தள்ளி நின்று, மேல் துளை வழியாக 2x-இல் எடுத்தால் அது சிறுக்கும். பிளாஸ்டிக் பின்னணித் தாள் சீக்கிரம் கீறும், மஞ்சளாகும். வெள்ளைச் சார்ட் பேப்பர் வெட்டிப் போடுவது மலிவு.

## எதை வாங்கினாலும் போனில் செய்ய வேண்டியவை

லென்ஸைத் துடையுங்கள். அடுத்து, காட்சியைப் பார்த்து நிறத்தை மெருகேற்றும் வசதியை அணையுங்கள். சாம்சங்கில் சீன் ஆப்டிமைசர், ஷாவ்மியில் ஏஐ என்று இருக்கும். விற்பவருக்கு அது எதிரி.

போனின் மெயின் கேமரா ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் அகல லென்ஸ். இரண்டடியில் நின்று எடுத்தால் கரை வளையும். 2x வைத்து ஆறேழு அடி பின்னால் நில்லுங்கள். நெருக்கப் படத்துக்கும் இதே வழிதான். ஒட்டிப் போனால் பல போன்கள் தானாக அல்ட்ராவைடுக்கு மாறித் தரத்தைக் குறைத்துவிடும், போனின் நிழலும் விழும். மலிவுப் போன்களில் வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை மறந்துவிடுங்கள்.

வெள்ளைச் சேலையைப் போன் சாம்பலாக்கும், கறுப்பையும் சாம்பலாக்கும். எல்லாவற்றையும் நடுத்தரமாக்குவது அதன் வழக்கம். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 வரை ஏற்றுங்கள், கறுப்புக்கு அதே அளவு இறக்குங்கள்.

பல ஆண்ட்ராய்டு போன்களின் ப்ரோ மோடில் ஒயிட் பேலன்ஸைக் கெல்வினில் நிறுத்தலாம். விளக்கின் கெல்வின் எண்ணையே போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அந்த வசதி இல்லாத போன் என்றால், முதல் படத்தில் மட்டும் ஒரு கிரே கார்டை (வேறு நிறம் கலக்காத சாம்பல் அட்டை) சேலைமேல் வைத்து எடுங்கள். ஸ்னாப்சீடு என்ற எடிட்டிங் ஆப்பின் ஒயிட் பேலன்ஸ் பகுதியில் உள்ள சொட்டுக்குழாய்க் குறியால் அந்தச் சாம்பலைத் தொட்டுத் திருத்தலாம். ஏ4 தாள் சரிப்படாது, வெள்ளையாகத் தெரிவதற்காக அதில் சேர்க்கும் பொருள் நீலத்தைக் கூட்டும். மின்விளக்கில் கோடு விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும்.

இரண்டு இடங்களில் எந்த விளக்கும் முழுதாகக் கைகொடுக்காது. சில ஊதாச் சாயங்கள் எந்தப் போனிலும் நீலமாகத்தான் விழும். அதைக் கையால் திருத்தி, "நேரில் ஊதா சற்றுக் கூடுதல்" என்று எழுதிவிடுங்கள். மயில்கழுத்துபோல் பாவும் ஊடும் வெவ்வேறு நிறமான சேலை கோணத்துக்குக் கோணம் மாறும். ஒரே படம் போட்டால் அது பாதிப் பொய். மடிப்பைத் திருப்பி இரண்டு கோணத்தில் எடுத்துப் போடுங்கள், முடிந்தால் ஐந்து விநாடி வீடியோவும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்.டி. தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஜரிகை அங்கே போய்க் குழையும்.

விளக்கு ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். ஓர் அரக்குச் சேலையையும் உங்கள் கையையும் சேர்த்துப் பகலில் ஜன்னலில் ஒரு படம். இரவில் புது விளக்கில், கிரே கார்டோடு, இன்னொன்று. இரண்டையும் ஒயிட் பேலன்ஸ் திருத்தி, திரையின் நிற அமைப்பை விவிட்டிலிருந்து நேச்சுரலுக்கு மாற்றி, அருகருகே வைத்துப் பாருங்கள். விளக்குப் படத்தில் கை சாம்பல் பூத்து, அரக்கு பழுப்பாகத் தெரிந்தால் பெட்டியில் என்ன எண் எழுதியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.